சோரியாசிஸ் நோயாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மாறி மாறி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தோல் தடித்துச் செதில் உதிரும் நோயான சோரியாசிஸுக்குரிய உலக நாளான அக்டோபர் 29 அன்று நடந்த வகுப்பைச் சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் நம்மவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் மாறிட்டே, பின்னயும் ஏன் அதே எடத்துல வருது?"

வகுப்பில் கிடைத்த விடை இது. தோலில் உள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்கள்) தூண்டப்பட்டால் ஐ.எல்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் வலுப்பெறும் டி செல்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) ஐ.எல்-17 என்ற இன்னொரு புரதத்தை வெளியிடுகின்றன. அது பட்டதும் மேல்தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய செல் நான்கைந்து நாளிலேயே வந்துவிடுகிறது. முதிராத செல்கள் வெள்ளைச் செதிலாக அடுக்குகின்றன. செதிலைப் பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். விரிந்த நுண்குழாய்கள் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதுதான் காரணம். தோல் தெளிந்த பிறகும் நினைவாற்றல் கொண்ட டி செல்கள் சில அதே இடத்தில் தங்கிவிடுகின்றன. மறுபடி தூண்டுதல் கிடைத்தால் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும். தொற்றுக்கு இதில் இடமே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

தூண்டுதல் தோலில் படும் காயமாகவும் இருக்கலாம். தென்னை ஏறுகிறவர்களுக்கு மரம் உரசும் நெஞ்சிலும் காலிலும் புதிதாக வரக்கூடும். பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் உடம்பெங்கும் சிறு புள்ளிகளாக வருவதுண்டு.

இனி, உயிரோடு விளையாடும் இரண்டு தவறுகள். மெத்தோட்ரெக்ஸேட் இந்நோய்க்கு வாரத்தில் ஒரே நாள் எடுக்கும் மாத்திரை. தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். 2.5 மி.கி., 10 மி.கி. இரண்டும் விற்கிறார்கள், அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். அதோடு எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை வேறு நாளில் எடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது; மதுவும் ஆகாது. அடுத்தது, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. சீக்கிரமே தோல் தெளியும். நிறுத்தியதும் சீழ்க்கொப்புளமாகப் பொங்கி வரலாம்.

அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால், போடுமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். ஐ.எல்-17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் போன்ற ஊசிகளுக்கும் அப்பரிசோதனையைச் செய்தே தொடங்குகிறார்கள். இவற்றில் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். இந்நோய் மூட்டையும் தாக்கலாம்; காலையில் மூட்டு அரை மணிக்கு மேல் விறைத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் பழையபடி வராது.

வரும் ஆண்டில், மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தர நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. பேரவை இதனையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்