கத்திரி தாண்டியும் ஓட வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது. மெரினாவில் விடியற்காலை ஓட வரும் கூட்டம் இந்த முறை பிப்ரவரியோடு கரையாமல் மே கடைசி வரை நின்றிருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள். யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்பதைப் பெயர் குறிப்பிடாமல், ஆனால் விவரமாக எழுதி வைக்கிறோம். வேறொரு கடற்கரையில், வேறொரு ஊர்ப் பூங்காவில் ஓடுபவர்களுக்கும் அது பயன்படட்டும்.

சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரியில் வருகிறது. செப்டம்பரில் பிடித்த பயிற்சி அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை எழுவதற்கு ஒரு காரணமும் இருப்பதில்லை. அடுத்த சில வாரங்களிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும். இலக்கில்லாத மாதங்களும் வெயில் மாதங்களும் ஒன்றாக வந்து சேர்வதால்தான் இங்கே பலர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஜனவரி விடியலில் 21, 22 டிகிரிதான் இருக்கும். மே மாதம் ஐந்து மணிக்கே 28 டிகிரியை ஒட்டி நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோல் பக்கம் போகிறது; அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஜனவரியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற பேஸில் (வேகத்தில்) பேசிக்கொண்டே ஓடியவருக்கு மே மாதம் அதே பேஸில் மூச்சு வாங்கும். அப்போதும் வேகத்தையே இலக்காக வைத்திருந்தால், ஒழுங்காக ஓடிய காலைகூடத் தோற்ற காலையாகவே தெரியும்.

ஆகவே முதல் நன்றி, கோடைக்கு நேர இலக்கே கூடாது என்று பிப்ரவரியிலேயே பிடிவாதமாகச் சொன்ன மூத்த ஓட்டக்காரர்களுக்கு. அவர்கள் வகுத்தது எளிமையானது: மாதத்துக்கு 14 நாள், நாளுக்கு 30 நிமிடம், வாட்சில் பேஸ் தெரியும் திரையை மறைத்துவிட வேண்டும். வேகம் சரியா என்பதை வாய்தான் சொல்லும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரி, முடியாவிட்டால் குறைக்க வேண்டும். தினமும் விடாமல் ஓட வேண்டும் என்று வைக்காமல் மாதக் கணக்காக வைத்ததில்தான் அவர்களின் அனுபவம் தெரிகிறது. தொடர் கணக்கு வைப்பவருக்கு ஒரு காய்ச்சல், ஒரு ஊர்ப் பயணம் போதும். சங்கிலி அறுந்தது என்று மொத்தமாக விட்டுவிடுவார். 14 நாள் கணக்கில் தவறுவதற்கும் இடம் இருக்கிறது, ஈடுகட்டுவதற்கும் இடம் இருக்கிறது.

பத்து நிமிட விதியும் அவர்கள் தந்ததே. மனமில்லாத நாளில் பத்து நிமிடம் மட்டும் ஓடு, பிறகும் வேண்டாமென்றால் திரும்பிவிடு, அதுவும் ஒரு நாளாகக் கணக்கில் சேரும். பெரும்பாலும் யாரும் திரும்புவதில்லை. கூடவே, "எழுந்தால் ஓடுவேன்" என்பதை விட்டு, "அலாரம் அடித்ததும் வாசலில் இருக்கும் ஷூவை மாட்டுவேன், மழையானால் மாடிப்படி ஏறுவேன்" என்று முந்தைய இரவே ஒவ்வொருவரையும் எழுத வைத்தார்கள். இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டி முடிவெடுத்தவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

அந்த மாதக் கணக்கு அட்டையைத் தன் கடைச் சுவரில் ஒட்ட இடம் கொடுத்த டீக்கடை அண்ணனுக்கு நன்றி. செல்போனுக்குள் இருக்கும் கணக்கை ஒருவர் மட்டும்தான் பார்ப்பார். சுவரில் இருந்ததால் "என்ன, இந்த வாரம் உங்க கட்டம் காலியா இருக்கு?" என்று கேட்க ஆள் இருந்தது. ஓடிவந்தவர்களுக்கென்று தனியாக உப்பு போட்ட நீர்மோர் வைத்ததும் அவர்தான்.

அடுத்த நன்றியைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஐந்து கிலோமீட்டர் பாதையை முறையாக அளந்து குறித்த நண்பர்களுக்கு அது. வாட்சின் ஜிபிஎஸ் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் 1 சதவீதம் பிழை என்றால் 50 மீட்டர். 30 நிமிடத்தில் ஓடுபவருக்கு அது 18 நொடி. பல வாரப் பயிற்சியில் கிடைக்கும் முன்னேற்றம் அவ்வளவுதான் இருக்கும். அளவுப் பிழை அதை அப்படியே விழுங்கிவிடும். மரங்களும் உயரமான கட்டடங்களும் உள்ள இடத்தில் ஜிபிஎஸ் கோடு இருபுறமும் அலைவதால் பிழை நாளுக்கு நாள் மாறவும் செய்யும்.

நண்பர்கள் சைக்கிள் முறையில் அளந்தார்கள். முதலில் நேரான சாலையில் எஃகு நாடாவால் 300 மீட்டரை அளந்து குறித்தார்கள். முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி அந்த 300 மீட்டரை நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டார்கள். பாதையை அளந்து முடித்ததும் மீண்டும் நான்கு முறை. வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரிந்து எண்ணிக்கை மாறும், இரண்டாம் சுற்று அதற்காகத்தான். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் ஓட்டினார்கள். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று சேர்த்தார்கள். அதாவது 5,000 மீட்டருக்கு 5,005. பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அரை கிலோமீட்டருக்கு ஒரு பெயின்ட் குறி இருப்பதால் இனி யாருடைய நேரமும் யாருடைய வாட்சையும் நம்பியிருக்கவில்லை.

பேசர்களாக, அதாவது குறித்த நேரத்தில் முடிக்கச் சீரான வேகத்தில் மற்றவர்களைக் கூட்டிச் செல்பவர்களாக, ஓடியவர்களுக்கு எங்கள் கடன் பெரிது. தன் நேரத்தை விட்டுக்கொடுத்து இன்னொருவருடைய இலக்குக்காக ஓடுவது சாதாரணமல்ல. ஹாஃப் மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 15 நிமிடத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 6:24, அதாவது 6 நிமிடம் 24 நொடி, வேண்டும். கூட்டத்தின் வேகத்தில் முதல் கிலோமீட்டரை 5:50இல் ஓடுபவர்தான் 16ஆம் கிலோமீட்டரில் நடக்கிறார். நம் பேசர்கள் முதல் மூன்று கிலோமீட்டரை 6:34இல் பிடித்து நிறுத்தினார்கள். அதில் இழந்தது மொத்தம் 30 நொடி. மீதி 18 கிலோமீட்டரில் ஒவ்வொன்றிலும் இரண்டு நொடிகூடத் தேவைப்படாமல் அது திரும்பிவிடுகிறது. 2:15க்குப் பேசராக நிற்பவர் தானாக 2 மணிக்குள் முடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் அவர்கள் விடவில்லை. மூச்சு வாங்கும் பேசரால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது.

நோட்டுப் புத்தகம் எழுதிய ஐயாவுக்கு வணக்கம். தேதி, நிமிடம், தூக்கம், எப்படி இருந்தது என்று நான்கே பத்தி. யாராவது ரேஸ் இலக்கு கேட்டால் அமெரிக்கரான பீட்டர் ரீகலின் சூத்திரத்தில் போட்டுச் சொல்வார்: புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, அந்த விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, அதனால் பழைய நேரத்தைப் பெருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவர் பத்து கிலோமீட்டரை 62 நிமிடம் 33 நொடியில் முடிக்கலாம். பத்து கிலோமீட்டருக்கு 60 நிமிடம் என்றால் ஹாஃப் ஏறக்குறைய 2 மணி 12 நிமிடம். அந்தத் தூரத்துக்கான லாங் ரன்களை (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டங்களை) ஓடியிருந்தால்தான் இது பொருந்தும் என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். ஃபுல் மாரத்தானுக்கு (42.2 கிலோமீட்டர்) இதை நம்பிப் போனவர்கள் 30 கிலோமீட்டருக்குப் பிறகு சிரமப்படுவது வழக்கம். அதனால் ஒரே எண்ணை யாருக்கும் அவர் தரமாட்டார். எல்லாம் கூடிவந்தால் ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, என்ன ஆனாலும் செய்யக்கூடியது ஒன்று என மூன்று தருவார். மூன்றாவது பெரும்பாலும் "கடைசி இரண்டு கிலோமீட்டர் நடக்காமல்" என்பதாக இருக்கும். முதல் இலக்கு கைநழுவிய பிறகும் ஓடுவதற்குக் காரணம் மிச்சமிருப்பது அதனால்தான்.

வலியோடு வந்தவர்களுக்கு இலக்கை மாற்றித் தந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு நன்றி. எந்தத் தேதியில் திரும்பலாம் என்று அவர் சொல்வதில்லை, படிகளை மட்டும் சொல்வார். வலியின்றி 30 நிமிட நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. பிறகு ஓட்டம் கூடி நடை குறையும். வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு அது மூன்றுக்கு மேல் இருந்தாலோ, மறுநாள் காலையும் வலி இருந்தாலோ முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அந்த நாட்களும் சுவர் அட்டையில் ஏறின. அதனால் காயப்பட்டவர்கள் குழுவை விட்டு விலகவில்லை.

விடியுமுன் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி எடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், நான்கரை மணி அலாரத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி. ஞாயிறு லாங் ரன் ஏழரைக்குள் முடியும் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம்.

ஜூன் மாத அட்டை கடைச் சுவரில் ஏறிவிட்டது. ஆகஸ்ட் வரை நாள் கணக்கு மட்டும்தான், 14 என்பது 16 ஆகிறது. செப்டம்பர் முதல் ஞாயிறு குறித்த பாதையில் ஐந்து கிலோமீட்டர் சோதனை ஓட்டம், அதிலிருந்து ஜனவரிக்கான எண்களை ஐயா போட்டுத் தருவார். 2:30 ஹாஃபுக்கு, அதாவது கிலோமீட்டருக்கு 7:06க்கு, இன்னும் இரண்டு பேசர்கள் தேவைப்படுகிறார்கள். வரக்கூடியவர்கள் அட்டைக்குக் கீழே பெயர் எழுதுங்கள்.

நன்றியுடன்,
மெரினாவில் காலையில் ஓடும் நாங்கள்