லண்டனில் பார்த்த பிரெஞ்சுக் கடிகாரம்

அன்புள்ள சேகர்,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கேட்க விட்டுப்போச்சு. இங்கே மகள் வீட்டில் எனக்கு ஒரே வேலை, பேரனைப் பள்ளியில் விடுவது, சாயங்காலம் கூட்டிவருவது. நடுவில் வெட்டியாக இருக்கிறேனே என்று வாலஸ் கலெக்‌ஷன் மியூசியத்துக்குப் போனேன், நுழைவுக் கட்டணம் கிடையாது.

அங்கே ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. 1740களில் பாரிஸில் சார்ல் கிரெஸ்ஸான் செய்தது. வெண்கல வார்ப்பு, மேலே தங்க முலாம். உச்சியில் சிறகு முளைத்த பொடியன், காதல் தேவனாம். கீழே கிழவன் ஒருவன், அவன்தான் காலம். காதல் காலத்தை ஜெயித்துவிட்டதாம். நம் முட்டியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

முலாம் விஷயத்தை நீதான் ரசிப்பாய். அந்தக் காலத்தில் தங்கப் பொடியைப் பாதரசத்தில் குழைத்து, களிம்பு மாதிரி வெண்கலத்தின் மேல் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அகேட் கல்லால் தேய்த்துச் சில இடத்தில் பளபளப்பு, சில இடத்தில் வேண்டுமென்றே மங்கல், அதில்தான் உருவங்களுக்கு உயிர் வருகிறது. அந்தப் புகையைக் குடித்தவர்களுக்குக் கை நடுக்கம், பல் ஆட்டம். அவர்களில் ஒருவன் பெயர்கூடக் கடிகாரத்தில் இருக்காது.

கிரெஸ்ஸான் கதை இன்னும் வேடிக்கை. அவர் மரச்சாமான் செய்யும் ஆள். வெண்கலம் வார்ப்பதும் முலாம் போடுவதும் வேறு தொழில்காரர்களின் உரிமை, அவர்கள் சங்கம் அதில் படுகறார். இவரோ வேலை தன் கண்முன்னே நடக்க வேண்டும் என்று சொந்தப் பட்டறையிலேயே வார்த்து, வழக்கில் மாட்டி அபராதமும் கட்டியிருக்கிறார். பிடிவாதக்காரர், உன் அப்பா மாதிரியே.

1745லிருந்து 1749 வரை வெண்கலம் மாதிரி செம்பு கலந்த பொருளுக்குப் பிரான்ஸில் வரி. கட்டியதற்கு அடையாளமாக, கிரீடம் வைத்த ஒரு குட்டி 'சி' முத்திரை குத்தியிருப்பார்கள். இன்றைக்கு அதை வைத்துத்தான் பழம்பொருள்காரர்கள் வருஷம் கணக்குப் போடுகிறார்கள். வரி போட்டவனுக்கு இந்த உபயோகம் தோன்றியே இருக்காது.

சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா பட்டறையில் பாதரசம் வைத்து முலாம் போட்டதுண்டா? திராவக நெடி மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், சொல்.

அன்புடன்,
முத்து