எங்கள் வீட்டுப் பட்டதாரிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவாருக்கும், ஊரில் இருக்கும் கணக்கு டீச்சருக்கும், பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட சிலருக்கும் வணக்கம்.

என் அண்ணன் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். எங்கள் அப்பா வழியில் இதுதான் முதல் பட்டம். சான்றிதழ் வாங்கி வந்த அன்று, "அத்தை, நீங்க முதல்ல தொட்டுப் பாருங்க" என்று நீட்டினாள். கடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு தொட மனசு வரவில்லை. கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினேன். அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், முடிக்க இத்தனை நாளாகிவிட்டது.

எங்களுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஊர். நான் படித்தபோது அங்கே உயர்நிலைப் பள்ளிதான், பத்தாவதோடு சரி. பதினொன்றாவதுக்கு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பையன்கள் சைக்கிள் மிதித்துப் போனார்கள், பெண்கள் நின்றுவிட்டோம். கணக்கில் நான் 87 வாங்கியிருந்தேன். திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி அப்போதும் இருந்தது. பிளஸ் டூ இல்லாதவளுக்கு அது இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன.

1998இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் கல்லூரி, பிராட்வேயில் 1964 முதல் நடக்கும் பாரதி மகளிர் கல்லூரி, எல்லாம் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஆனாலும் எங்கள் சந்தில் கல்லூரி வாசலை மிதித்த பெண் அன்றைக்கு ஒருத்திகூட இல்லை. கிட்டத்தில் இருப்பது வேறு, கிட்டுவது வேறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தத் தேதிக்குள் எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். என் மருமகளுக்கு அப்படி ஐந்தாறு பேர் கிடைத்தார்கள்.

முதலில் டீச்சர். இவள் படிக்கும்போது ஊர்ப் பள்ளி மேல்நிலையாக உயர்ந்துவிட்டது, அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் கொரோனா வந்தது. பத்தாவது பொதுத்தேர்வு ரத்து, அடுத்த வருஷம் பதினொன்றாவதும் தேர்வில்லாமல் தேர்ச்சி. 2022 மே மாதம் பிளஸ் டூ எழுதியபோதுதான் அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொதுத்தேர்வு ஹாலுக்குள் போனார்கள். அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கணக்குகளைக் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார். போன வாரம் கொடுத்ததை வாங்கிப் போய்ச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். அந்தத் தாள்களை இவள் இன்னும் வைத்திருக்கிறாள். ஒரு தாளில், "விடை சரி. வழி நீளம். யோசி" என்று எழுதியிருக்கிறது. ஜூன் 20ஆம் தேதி ரிசல்ட் வந்ததும், அண்ணனிடம் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தவர்களை முந்திக்கொண்டு எனக்குப் போன் போட்டவரும் அவர்தான். "உங்க வீட்ல ஒரு இடம் குடுங்கம்மா, மிச்சத்த அவ பாத்துப்பா" என்றார். டீச்சர், எனக்கு இப்படி ஒருத்தர் வாய்க்கவில்லை. அதனால்தான் உங்கள் அருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, தண்டையார்பேட்டை இ-சேவை மையத் தம்பி. விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், அவ்வளவுதான் செலவு என்று நினைத்துப் போனோம். தம்பி காகிதங்களை வரிசையாகப் பரப்பினார். ஆதாரில் அண்ணன் பெயரில் 'னு', சாதிச் சான்றிதழில் 'னி'. பதினேழு வருஷமாக யார் கண்ணிலும் படாத எழுத்து. "இப்படியே போனா கவுன்சலிங்ல மாட்டிக்கும்க்கா" என்று, அங்கேயே புதுச் சான்றிதழுக்கு மனுப் போட்டார். எங்கள் தாலுகாவில் அது எந்த மேசையில் நிற்கிறது என்று தினமும் பார்த்துச் சொன்னார். நாலு நாளில் வந்தது. டீக்காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

கவுன்சலிங் அன்று காலையில் எங்கள் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி நகரவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி, சுற்றுவழியில் பிராட்வே பாரதி கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சீனியர் பெண்கள்தான், "அழாதீங்க, ரெண்டாவது சுத்து இருக்கு, காலி இடம் நிச்சயம் விழும்" என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுச்சீட்டு இல்லையென்றால் ஊருக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். ரெண்டாவது சுற்றில் கணிதம் கிடைத்தது. கட்டிய பணம் எங்கள் தெருவில் எல்.கே.ஜி.க்குக் கட்டுவதைவிடக் குறைவு.

புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்தது இவள் கல்லூரியில்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் மாதம் 1,000 ரூபாய் இவள் கணக்குக்கே வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் என் அண்ணியிடம் இவள் மூன்று வருஷமாகக் கைச்செலவுக்குக் காசு கேட்கவில்லை. பஸ்ஸும் இலவசம். சேருவதற்குள் ஓரிடத்தில் மூன்று தரம் அலையவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படிச் சொல்வது! எங்களுடையது ஒற்றை அறை. விடிகாலை மூணரைக்கு நான் கிரைண்டர் போட்டால் பிள்ளை எங்கே படிக்கும்? செமஸ்டர் வந்தால் அக்கா தன் மாடிப்படிக்குக் கீழே ஒரு லைட்டும் பலகையும் போட்டுக் கொடுத்தார். தண்ணி லாரி வரும் நாளில், "அவ படிக்கட்டும்" என்று எங்கள் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்தார்.

இப்போது பி.எட். சேர்ந்திருக்கிறாள். ஊரிலிருந்து இரண்டு பெண்கள் இந்த ஜூனில் இவளுக்குப் போன் செய்தார்கள். இவள் கேட்ட முதல் கேள்வி: "ஆதார்லயும் சாதிச் சான்றிதழ்லயும் அப்பா பேர் ஒரே மாதிரி இருக்கா?"

அண்ணன் ஒரு மூட்டை வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருக்கிறார், உங்களுக்கென்றே. இ-சேவைத் தம்பி, ஆட்டோ அண்ணன், எதிர்வீட்டு அக்கா, ஞாயிற்றுக்கிழமை கடை முடிந்ததும் அவளே உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவாள். இந்தமுறை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.