பழைய கொட்டில் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் காவிரி டெல்டா கிராமங்களில் கொல்லைப்புற மாட்டுக்கொட்டிலையும் நெல் அறையையும் சீர்செய்யத் தொடங்குவார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தச் செங்கல் சுவர்களின் உட்புறத்தில் இப்போதெல்லாம் சிமென்ட்டைத்தான் பூசுகிறார்கள். சில மழைக்காலம் போனால் பூச்சு உப்பும், தட்டினால் டொக்கென்று கேட்கும். கடைசியில் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

காரணம் ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடும், ஈரம் இன்னும் மேலே ஏறும். மாடு கட்டிய இடமென்றால் மூத்திரத்து உப்பும் சுவரில் ஊறியிருக்கும். அது செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொடியாக்குகிறது.

அதனால் பூச்சுக்கு முன் கூரை ஒழுக்கை அடைத்துவிடுங்கள். வெளியே சுவரையொட்டி மேடேறிய மண்ணை, அஸ்திவாரம் வெளியே தெரியாத அளவுக்கு, வெட்டி இறக்குங்கள். பிறகு பழைய பூச்சைத் தட்டியெடுத்து, செங்கல்லுக்கு இடையே பொடிந்த ஒட்டுச் சாந்தை முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்தபடியே துடைத்து வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பொரிந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, அதே கனமுள்ள பழைய கல்லை நனைத்து வையுங்கள்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. விழுதுக்குக் கல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அடிப்பகுதி மூன்றடிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காகச் சிமென்ட்டுக்குப் போக வேண்டாம். 100 சதுர அடிக்கு மேடுபள்ளம் உட்பட மணல் சுமார் 8 கன அடி, விழுது இரண்டே முக்கால் கன அடி பிடிக்கும்.

சுவரை நனைத்து முதல் பூச்சு அரை அங்குலம் பூசி, குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். கெடுவதெல்லாம் பெரும்பாலும் இதற்கப்புறம்தான். சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெல்ல இறுகும் சரக்கு. கதவைத் திறந்துபோட்டு வேகமாகக் காயவிட்டால் வெடிக்கும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் சரியும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தினமும் லேசாகத் தெளித்து, பத்து நாள் பொறுத்து இரண்டாம் பூச்சைக் கால் அங்குலம் பூசுங்கள். தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் விட்டு நிறுத்த வேண்டும்.

மேலே நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு மூன்று தடவை அடித்தால் போதும். பட்டி மாவும் எமல்ஷன் பெயின்ட்டும் போட்டால் ஈரத்தை மறுபடி அடைத்த கதைதான். முதல் கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாமல் உலர் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்