இரைச்சலைத் துடைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சைக்கோபில்லி இசை (பழைய ராக் அண்ட் ரோலும் பங்க் முரட்டுத்தனமும் கலந்த வகை) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இதைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று பல வருடம் காத்திருந்தவள் நான். அதனால் முதலில் நன்றி. ஆனால் அந்த இசைக்கு முன்னோடியான தி கிராம்ப்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகள் சேகரிப்பாளர்களுக்கு மட்டும்தான், புதிதாகக் கேட்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒலித்தொகுப்பு செய்பவள். இரைச்சலை நீக்குவதுதான் என் தொழில். பேசுகிறவரின் எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலி கிறீச்சிடுவது, பின்னால் ஓடும் விசிறி என்று நாள் முழுக்க எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பேன். கிராம்ப்ஸின் பழைய மேடைப் பதிவு ஒன்று முதலில் எனக்குக் கேசட்டில்தான் கிடைத்தது. அது எத்தனையாவது நகல் என்று கொடுத்த நண்பருக்கே தெரியாது. நகலுக்கு நகல் 'உஸ்' என்ற நாடா இரைச்சல் ஏறும், மேல் சுருதிகள் தேயும். கை சும்மா இருக்குமா? கணினியில் ஏற்றி, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தேன்.

காலையில் போட்டுக் கேட்டபோது மனசு கனத்துப் போயிற்று. இரைச்சல் போயிருந்தது, சரி. ஆனால் சிம்பலை அடித்த பிறகு இழுத்துக்கொண்டு மங்குமே ஒரு வால், அதுவும் போயிருந்தது. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை அந்தக் கூடம் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே, அதைக் காணோம். எல்லாவற்றையும்விடக் கித்தார்தான் பாவம். ஃபஸ் பெடல் என்பது கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே நொறுக்கும் ஒரு சின்னப் பெட்டி. குழுவின் இரண்டு கித்தார்க் கலைஞர்களில் ஒருவரான பிரையன் கிரிகரியின் கித்தார் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். எது நாடாவின் இரைச்சல், எது அவருடைய இரைச்சல் என்று மென்பொருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே மென்று விட்டது. குழு தண்ணீருக்கடியில் வாசிப்பது போலிருந்தது. அந்தக் கோப்பை அப்போதே அழித்துவிட்டேன்.

இந்தக் குழுவில் அப்போது கனத்த அடிச்சுருதியைத் தரும் பேஸ் கித்தாரே கிடையாது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இரண்டு கித்தார், ஒரு டிரம், ஒரு குரல், அவ்வளவுதான். சைக்கோபில்லிக்கு வேரான ராக்கபில்லி என்ற 1950களின் ராக் அண்ட் ரோல் வகையின் பிறப்பை நினைத்துப் பாருங்கள். 1954இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் தன் முதல் இசைத்தட்டைப் பதிந்தபோது டிரம் கிடையாது. பில் பிளாக் தன் பெரிய பேஸின் நரம்பை இழுத்து விட, அது பலகையில் மோதும் 'டக்' சத்தமே டிரம் வேலையையும் பார்த்தது. அங்கே டிரம் இல்லை, இங்கே பேஸ் இல்லை. இல்லாத ஒன்றின் இடத்தை நிரப்ப இருப்பவர்கள் தவிக்கிற தவிப்புதான் இரண்டிலும் நம்மை இழுக்கிறது. அதைப் போய் ஒலித்தரக் குறை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. 1976 ஒத்திகைகளில் தொடங்கும் பழைய நாடாக்களைக் குழுவே 2004இல் 'ஹவ் டு மேக் எ மான்ஸ்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. அந்த ஒத்திகைகளில் டிரம் வாசித்தவர் மிரியம் லின்னா. தாளம் சில இடங்களில் தடுமாறும். பாடகர் லக்ஸ் இன்டீரியர் தன் குரலை இன்னும் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு கித்தார்க் கலைஞரான பாய்சன் ஐவியின் கித்தார் மட்டும் அப்போதே ஐவியின் கித்தார்தான்! பிறகு 1977இல் அவர்கள் மெம்ஃபிஸுக்கே போய், அலெக்ஸ் சில்டன் தயாரிப்பில் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் பதிந்த பாடல்கள் 1979இல் 'கிரேவஸ்ட் ஹிட்ஸ்' என்று வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு குழு தன்னைத் தானே செதுக்கிக்கொண்டது நம் காதுக்கே தெரியும். ரசிகர்கள் இந்த நாடாக்களைப் பொக்கிஷமாக வைத்திருப்பது அதற்காகத்தான்.

மிரியம் லின்னா அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒற்றை ஆளாகவே பாடி, கித்தாரும் டிரம்மும் வாசித்து, 1950களிலிருந்து வீட்டிலேயே நாடாவில் பதிந்துகொண்டிருந்த ஹேசில் அட்கின்ஸின் பாடல்களை வெளியிடுவதற்காக, பில்லி மில்லருடன் சேர்ந்து 1986இல் நார்டன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அட்கின்ஸின் பாட்டு ஒன்றைக் கிராம்ப்ஸ் ஏற்கெனவே பாடியிருந்தார்கள். கரடுமுரடான ஒரு நாடாவை மதிக்கத் தெரிந்தவர்கள் இன்னொன்றைக் காப்பாற்றினார்கள். சுத்தமான பதிவு மட்டும்தான் கேட்கத் தகுந்தது என்று அவர்களும் நினைத்திருந்தால் அட்கின்ஸை நாம் யாரும் கேட்டிருக்கவே மாட்டோம்.

1978 ஜூன் 13 அன்று கலிஃபோர்னியாவின் நாப்பா அரசு மனநல மருத்துவமனையில் கிராம்ப்ஸ் வாசித்தது கறுப்பு வெள்ளை வீடியோவாக இருக்கிறது. சுமார் 20 நிமிடம். ஒலி மகா மோசம். நோயாளிகள் ஆடுகிறார்கள், மேடைக்கே வந்துவிடுகிறார்கள், மைக்கில் கத்துகிறார்கள். லக்ஸ் யாரையும் விலக்குவதில்லை, அவர்களோடு சேர்ந்தே பாடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். அந்தக் கூச்சலை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது என்ன?

கட்டுரையில் ஒரு தகவலும் விடுபட்டிருக்கிறது. சைக்கோபில்லி என்ற சொல் 1976இல் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ஒரு பாட்டில் வருவது. கிராம்ப்ஸ் அதைத் தங்கள் துண்டுப் பிரசுரங்களில் கவர்ச்சிக்காகப் போட்டுக்கொண்டார்களே தவிர, அந்த வகைக்குள் தங்களை அடைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரைத் தன் அடையாளமாகவே வரித்துக்கொண்டது 1980இல் லண்டனில் தொடங்கிய தி மீட்டியர்ஸ் குழுதான்.

கட்டுரையாளரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்த 1976 ஒத்திகையை ஒரு தடவை, நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கட்டும். கேட்ட பிறகு, தாண்டிப் போகலாம் என்ற அந்த வரியை மட்டும் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி