ஆண்டறிக்கை 2017–2018

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. டிசம்பரில் மட்டும் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் சேரவில்லை. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது, வழக்கம்போல் சர்க்கரைப் பொங்கல் பற்றவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேச்சு வாங்கியது சான் பிரான்சிஸ்கோ ஹைட் தெரு படகுத்துறைக்குப் போன சுற்றுலாதான். "ஓடாத படகைப் பார்க்கவா வேன் வாடகை?" என்று இங்கேயே கேட்டார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் பார்த்தது 'யுரேக்கா' என்ற மரப்படகு. நீளம் ஏறத்தாழ 300 அடி. 1890-இல் பக்கத்து ஊரான டிபுரானில் 'யுகையா' என்ற பெயரில் கட்டப்பட்டு, ரயில் கம்பெனிக்காக வளைகுடாவைக் கடந்தது. ஆட்களோடு சரக்கு ரயில் பெட்டிகளையும் ஏற்றிக்கொள்ளும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்களே, இங்கே அது தினசரி வேலை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பளுவான சரக்கை ஏற்றி ஏற்றிப் படகு தளர்ந்துபோனது. பிறகு இரண்டு வருடம் பட்டறையில் போட்டு, நீர்மட்டத்துக்கு மேலே இருந்த அத்தனையையும் புதிதாகக் கட்டினார்கள். விசிலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் புதுப் படகைச் செருகுவது என்று தச்சர்கள் இதைக் கேலியாகச் சொல்வார்களாம். நிலைக்கதவை விட்டுவிட்டு வீட்டையே இடித்துக் கட்டுவோமே, அந்தக் கதைதான். 1922-இல் யுரேக்கா என்ற பெயரோடு தண்ணீருக்குத் திரும்பியது. ஒரே நடையில் 2,300 பேரும் 120 காரும் ஏறலாம். இரண்டு முனையும் முன்பக்கம் என்பதால் துறையில் திருப்ப வேண்டியதே இல்லை.

எஞ்சின் மட்டும் 1890-இல் பூட்டியதுதான். கீழே ஒற்றை சிலிண்டர், உச்சியில் ஊஞ்சலாடும் இரும்பு உத்திரம். பிஸ்டன் ஒரு முனையைத் தள்ளி இழுக்க, மறுமுனை துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றும். நம் பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அட, எங்க தோட்டத்து ஏற்றம்!" என்றார். வழிகாட்டி அரை மணி நேரம் விளக்கியது அந்த ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அமெரிக்காவில் இந்த வகை எஞ்சினோடு இன்னும் தண்ணீரில் மிதப்பது இது ஒன்றுதான்.

1937-இல் கோல்டன் கேட் பாலம் திறந்ததும் யுரேக்கா ஓடிய சாசலிட்டோ–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் கூட்டம் குறைந்தது. 1941-இல் அந்தத் தடமே நின்றது. அப்புறம் யுரேக்கா ஓக்லாந்தில் ரயில் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. 1957-இல் எஞ்சினின் அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும் கிராங்க் பின் ஒடிந்தது. பழுது பார்த்து ஓட்ட யாரும் முன்வரவில்லை. மறுவருடமே அருங்காட்சியகப் படகாகிவிட்டது. 1985-இல் தேசிய வரலாற்றுச் சின்னம்.

மரப்படகுக்கு எமன் கடல் அல்ல, மழை. உப்புத் தண்ணீரில் நனையும் பலகையைப் பூஞ்சை அவ்வளவாகத் தொடாது. மேல்தளத்தில் ஒழுகி இடுக்கில் தேங்கும் மழைத்தண்ணீர் உள்ளிருந்தே உளுக்கவைத்துவிடும். அதனால் படகு சும்மா நின்றாலும் செலவு நிற்பதில்லை. மேல்தளத்தில் பயணிகளின் நீண்ட மரப்பெஞ்சுகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள், கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேன் முக்கால் மணி நேரம் தாமதம். தயிர்சாதப் பொட்டலம் நான்கு குறைந்தது. அது என் கணக்குப் பிழை, மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் சொல்ல விரும்புவோர் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். போய் வந்த பிறகு சொல்ல வேண்டாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்