அம்மா பெயரில் கட்டடம் வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதலில் மாமியாருக்குக் காய்ச்சல், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அது மட்டும் காரணமில்லை, உன் யோசனைக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டும் இருந்தேன். அம்மா நினைவாக நாகப்பட்டினத்தில் ஆதரவில்லாத ஐம்பது பிள்ளைகள் தங்குகிற மாதிரி ஒரு இல்லம் கட்டப்போகிறேன், நிலம் பார்த்துக் கொடு என்று எழுதியிருக்கிறாய். நிலம் பார்ப்பது பெரிய வேலை இல்லை. கட்ட வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ளாமல் முழுசாகப் படி.

சுனாமி வந்தபோது நீ மஸ்கட்டில் இருந்தாய். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நல்ல மனசோடு வந்தவர்களும் உண்டு, அப்படி இல்லாதவர்களும் உண்டு. அரசு அதையெல்லாம் நிறுத்தி, அன்னை சத்யா காப்பகத்தைத் தொடங்கிப் பிள்ளைகளை அங்கே வைத்துக்கொண்டது. அப்போது கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அடிக்கடி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். மாற்றலாகிப் போன பிறகும் அவர் தொடர்பை விடவில்லை. 2022இல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது வந்து முன்னால் நின்று நடத்தி வைத்தார். காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளை வேறு எங்கே கொண்டு போயிருக்க முடியும்? ஆனால் அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு உரிமையோடு வந்து நிற்க ஒரு ஆள் இருந்தாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் அமைவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் சனிக்கிழமைகளில் ஒரு இல்லத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேனே. போகத் தொடங்கிய புதிதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி, அங்கே இருக்கிற பிள்ளைகளில் அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு அம்மா இருக்கிறாள், அல்லது பாட்டி, சித்தப்பா. சோறு போட முடியவில்லை, பள்ளிக்கூடச் செலவு தாங்கவில்லை, குடிகாரத் தகப்பன் அடிக்கிறான், அதனால் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அம்மா கிளம்பும்போது, சின்னப் பிள்ளைகள் அழக்கூடாது என்று பெரிய பிள்ளைகள் அவர்களைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த வேலையை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. பிறந்த நாள், திருமண நாள், திதி என்று யாராவது பிரியாணியோ வடை பாயசமோ கொண்டுவருகிறார்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கேக் கூட வந்திருக்கிறது. பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து முடிகிற வரை காத்திருப்பார்கள். கொடுக்கிறவர்கள் அன்போடுதான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஒரு பையன் பதினெட்டு முடிந்து வெளியே போனான். ஆறு வயதில் வந்தவன். ஒரு தகரப் பெட்டி, பிளாஸ்டிக் கவரில் மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, அதில் இல்லத்து விலாசம். ஹோசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அறை தேடிப்போனால் எல்லா வீட்டுக்காரரும் முதலில் கேட்டது, அப்பா என்ன செய்கிறார் என்று. கடைசியில் நான்தான் போனில் அத்தை என்று சொல்லிப் பேசி ஒரு இடம் பிடித்துக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "டீச்சர், ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி போடணும்?" என்று கேட்டான். பன்னிரண்டு வருஷம் அண்டாவில் கொதிக்கிற சாம்பாரைத்தான் அவன் பார்த்திருக்கிறான், ஒரு ஆளுக்குச் சமைக்கிற பாத்திரத்தையே பார்த்ததில்லை வசந்தி. கொட்டைப்பாக்கு அளவு என்றேன், அது எவ்வளவு என்றும் அவனுக்குத் தெரியவில்லை. வீடியோ போட்டுக் கையில் உருட்டிக் காட்டினேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு என்று உதவி செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2015இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் அது. இல்லம் கட்டுவதற்கு முன்னால் நீயும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், சில சமயம் இரண்டும். ஆதரவில்லாத பிள்ளை யாரிடம் வந்து சேர்ந்தாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அந்த வேறு வழி எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நம்பியார் நகர்ப் பக்கம் மீன் கூடை தூக்கி விற்கிற ஒரு பாட்டி, மகனும் மருமகளும் இறந்துவிட்டார்கள், ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பேரப்பிள்ளைகள். இரண்டையும் இல்லத்தில் விட்டுவிடலாம் என்று என்னிடம்தான் கேட்க வந்தாள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கிராமத்தில் வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகாத இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசே 2025இல் அன்புக் கரங்கள் என்று மாதம் 2000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம், நன்றாகவே பேசினார்கள். ஆனால் ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல், பாட்டிக்கு வங்கிக் கணக்கே இல்லை. அதையெல்லாம் சரிசெய்து முதல் பணம் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்துக்கு அரிசியும் டியூஷன் பணமும் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், ஒருவேளை சோறு எதிர்வீட்டில் என்று வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் பாட்டி பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறார்கள். யாருக்கும் அந்த ஐந்து மாதம் கண்ணில் படுவதில்லை, அங்கேதான் பணம் வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் விஷயமும் இதேதான். ஏர்வாடி உனக்கு நினைவிருக்கும், 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பேனியன் என்ற தொண்டு நிறுவனம், மனநோயோடு தெருவில் கிடந்த பெண்களை வைத்துப் பார்த்துக்கொண்டது. குணமான பிறகும் போக வீடில்லாமல் வருஷக் கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் ஹோம் அகெய்ன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஊருக்குள்ளே சாதாரண வாடகை வீடு, நாலைந்து பேர், துணைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். 2017 மனநலச் சட்டமும் ஊரோடு சேர்ந்து வாழ்வது அவர்களுடைய உரிமை என்று சொல்லிவிட்டது.

அதே முறையில் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் வீடு எடுத்தது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் இருக்கிற தெரு, பைத்தியங்களைக் கொண்டுவந்து விடுவதா என்று கத்தினார்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அது இப்போதும் உறுத்துகிறது. எதிர்த்துப் பேசியது கோடி வீட்டு மளிகைக்கடைக்காரர்தான். மாதச் சாமான் நான் கடனுக்குத் தருகிறேன், வந்து இருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எவ்வளவு புடிக்கும்னு தெரியலம்மா, வாளியில கலந்தே வரும்" என்றாள். நான் சர்க்கரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அரை ஸ்பூன் போட்டாள், குடித்தாள், இன்னும் அரை ஸ்பூன் போட்டாள். இப்போது ஒன்றரை ஸ்பூன் என்று அவளே சொல்கிறாள், போன வாரம் நான் மறந்து ஒன்று போட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாள்! அன்றைக்குக் கத்தின வீடுகளில் ஒன்றில் வளைகாப்பு வந்தபோது அடுக்கு மாலை கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

நீ ஔவை இல்லத்தை உதாரணம் காட்டியிருந்தாய். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அதைத் தொடங்கியது, போக்கிடம் இல்லாமல் வந்த சில பெண்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டுதான். உன் அம்மாவும் அதைத்தானே செய்தார்கள். அக்கா இறந்த பிறகு அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, உனக்கு ஒரு பாவாடை தைத்தால் அவளுக்கும் ஒன்று என்று வளர்த்தார்கள். பரீட்சைக்குப் படிக்க நான் வருகிற ராத்திரியெல்லாம் மூன்று பேரும் ஒரே ஜமக்காளத்தில் படுத்திருப்போம், அவள் வேறு வீட்டுப் பெண் என்று எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரை தெரியவே தெரியாது.

அதனால் சொல்கிறேன், கட்டடத்துக்கு வைத்திருக்கும் பணத்தை வங்கியில் போட்டு வட்டியை எடுப்போம். ஹோசூர்ப் பையன் மாதிரி வெளியே வருகிறவர்களுக்கு இங்கேயே ஒரு வாடகை வீடு, மூன்று நாலு பேர், வேலை கிடைத்து நிலைக்கிற வரை. ஏழாயிரம் எட்டாயிரம் வாடகைக்கு நல்ல வீடே கிடைக்கும், சமையல் பழக்க நான் இருக்கிறேன். மீதியில் அந்தப் பாட்டி மாதிரி ஆட்களுக்குப் பணம் வருகிற வரை இடைச்செலவு. இரண்டையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்தேதான் செய்ய வேண்டும். கல்வெட்டில் அம்மா பெயர் இருக்காது, அதுதான் உனக்குக் குறையாக இருக்கும், அதை நினைத்துத்தான் எழுதத் தயங்கினேன்.

வெளிப்பாளையத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, இரண்டு அறை, பின்னால் துவைக்கிற கல், முருங்கை மரம். வீட்டுக்காரரிடம் யார் தங்கப்போகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன், தை மாதம் வரை வைத்திருக்கிறேன் என்றார். நீ பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வந்து பார்த்துவிட்டு முடிவு சொல். வரும்போது அம்மாவின் அந்தப் பழைய ஈயச் சொம்பு உன்னிடம்தானே இருக்கிறது, அதைக் கொண்டுவா. நாலு பேருக்கு ரசம் வைக்க அது சரியாக இருக்கும்.

அன்புடன்,
மங்கை